கையில் கொடுக்கக் கூடாது

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. முப்பத்து மூன்று வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற கால் இரண்டும் இன்னும் திடமாகத்தான் இருக்கின்றன. கெட்டுப்போனது வலது கைப் பெருவிரலின் அடிமூட்டு மட்டும். துணி பிழிந்தால் வலிக்கும், பாட்டில் மூடியைத் திருகினால் வலிக்கும். இந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றதும் என் தம்பி கிளிட்டஸ் ஃபோனிலேயே சிரித்தான். அவன் சிரித்திருக்காவிட்டால் நானே ஒருவேளை மனம் மாறியிருப்பேன்.

ஷார்ஜாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குத் தியேட்டர் நர்ஸ் வேலை. 2007 மார்ச்சோடு ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிறேன். ஊர் என்றால் பிறந்த கடற்கரை இல்லை. குலசேகரத்தைத் தாண்டி, பேச்சிப்பாறை போகிற வழியில், இரண்டு ஏக்கர் ரப்பருக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு வாங்கிப் போட்டிருந்தேன். அங்கே நின்று கத்தினால் மழைக்காலத்தில் யாருக்கும் கேட்காது. போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் திருடர்கள் வயதான புருஷன் பெண்டாட்டி இருவரையும் கயிற்றால் கட்டிப்போட்டு, கிழவரின் கையையும் உடைத்துவிட்டுத் திருடிக்கொண்டு போனார்கள். அதைக் கேட்டு நான் பயந்தேன். பயந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அதற்குப் பிறகு கிடைத்த இரண்டு லீவையும் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவிலேயே கழித்து லைசென்ஸ் வாங்கினேன்.

கிளிட்டஸ் ஓமானில், சோஹார் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். லீவில் போகும்போதெல்லாம் என் வீட்டைத் திறந்து பார்த்து, ஓடு மாற்றி, கரையான் தட்டி வைப்பது அவன்தான். அந்த வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவன் சாவிக்கொத்தில் தொங்கும். வீட்டை விற்றுவிட்டு நாகர்கோவிலில் அவன் வீட்டு மாடியறையில் நான் வந்து இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த அறைக்கு ஏசி மாட்டிவிட்டான், என் வீட்டை வாங்க ஆளும் பார்த்துவிட்டான். பாசம்தான், சந்தேகமே இல்லை. அந்தப் பாசத்தோடு மூன்று வேளைச் சாப்பாடும், சாயங்காலம் எங்கே போகிறாய் என்ற கேள்வியும் சேர்ந்து வரும். முப்பத்து மூன்று வருடம் ஹாஸ்டலிலும் பகிர்ந்த ரூமிலும் படுத்தவளுக்குத் தனி வீடு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது.

வாய் வார்த்தை வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. பிறந்தநாளுக்குக் கேக் வைத்துக் கொடுக்கிற பேப்பர் தட்டு ஒன்று. ஏழு மீட்டர் தூரம். என் வீட்டுப் படுக்கையறைக் கதவிலிருந்து வாசல் கதவு வரை அவ்வளவுதான், டேப் வைத்து அளந்திருந்தேன். ஐந்து குண்டும் அந்தத் தட்டுக்குள் விழ வேண்டும். விழுந்தால் அவன் இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது. விழாவிட்டால் விற்பனைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

ஊரில் துப்பாக்கி விற்கிறவர்கள் கண்ணாடிக்குள் காட்டுவார்களே தவிர, சுட்டுப் பார்க்க விடமாட்டார்கள். ஷார்ஜாவுக்கு வெளியே, பாலைவனச் சாலையில் ஒரு சுடும் கிளப் இருந்தது. பாஸ்போர்ட் நகல் கொடுத்தால் அங்கேயே துப்பாக்கி தந்து, ஆளும் கூட நின்று சுட விடுவார்கள். நான் விமானம் ஏற மூன்று வெள்ளிக்கிழமைகள் மிச்சம் இருந்தன. கிளிட்டஸ் மூன்றுக்கும் பார்டர் தாண்டி வந்துவிடுவதாகச் சொன்னான். வேடிக்கை பார்க்க அவ்வளவு ஆசை.

கிளப்பில் எனக்கு வாய்த்தவர் கௌஸ் முகம்மது. வாணியம்பாடிக்காரர், பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், வயதில் என்னைவிட இரண்டு மூன்று குறைவு. முதலில் சட்டத்தைச் சொன்னார். சுட்டு முடித்தாலும் முடிக்காவிட்டாலும் துப்பாக்கியின் வாய் தட்டின் பக்கமே இருக்க வேண்டும். யார் கையிலும் அதைக் கொடுக்கக் கூடாது. முன்னால் இருக்கும் மேசையில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் வர வேண்டும். வேண்டியவர் மேசையிலிருந்து எடுத்துக்கொள்வார். இதை அவர் மூன்று தடவை சொன்னார். சுவரில் மூன்று மொழியில் எழுதியும் வைத்திருந்தார்கள். நான் மூன்று தடவையும் தலையாட்டினேன்.

எந்தத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. இருப்பதிலேயே சின்னதாக, இருப்பதிலேயே லேசாக ஒன்று என்றேன். பெண்பிள்ளை, வயசானவள், கைவலிக்காரி என்று எல்லாரும் எனக்குச் சொல்லியிருந்ததும் அதுதான். நாகர்கோவில் கடைக்காரரும் அப்படி ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருந்தார். கௌஸ் பாய் ஒன்றும் பேசாமல் என் கைப்பை மூலையில் அடங்கிவிடும் அளவுக்கு ஒரு பிஸ்டலைக் கொண்டுவந்து வைத்தார். கையில் எடுத்தபோது எனக்கு மகா சந்தோஷம். கனமே இல்லை.

முதல் குண்டிலேயே சந்தோஷம் போனது. அந்தக் குட்டிச் சனியன் என் கையைப் பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. வலி பெருவிரலில் புறப்பட்டு முழங்கை வரை வந்தது. இரண்டாவது குண்டுக்கு முன்னாலேயே என் கண் தானாக மூடிக்கொண்டது. ஐந்தில் தட்டில் பட்டது ஒன்று, அதுவும் எதைப் பார்த்துச் சுட்டேன் என்று எனக்கே தெரியாமல். வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்கும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கிளிட்டஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

கௌஸ் பாய் சிரிக்கவில்லை. “சிஸ்டர், தூக்க லேசா இருந்தா சுடவும் லேசா இருக்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க. அது அப்படியே தலைகீழ். கனமான துப்பாக்கி அந்த உதையை தானே வாங்கிக்கும். லேசானது மொத்தத்தையும் உங்க கைக்குத் தள்ளிவிட்டுடும்,” என்றார்.

இதை அவர் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். கேட்டேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா என்று திருப்பிக் கேட்டார். நம்பியிருக்கமாட்டேன்தான்.

அந்த வாரம் முழுக்க அதையே யோசித்தேன். தியேட்டரில் எனக்குக் கையுறை ஆறரை சைஸ். ஸ்டோரில் இல்லை, இன்றைக்கு ஏழாம் சைஸைப் போட்டுக்கொள் என்று சொன்ன சூப்பர்வைசர்களிடம் நான் போட்ட சண்டையை இன்னும் பேசுகிறார்கள். கைக்குப் பொருந்தாததை மாட்டிக்கொண்டு ஒரு நூலைக்கூடப் பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட நான் ஒரு துப்பாக்கியை எடையை மட்டும் பார்த்துக் கேட்டிருக்கிறேன். என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை போன உடனே, இன்றைக்கு நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்றேன். கௌஸ் பாய் முதலில் பெரிய பிஸ்டல் ஒன்றைத் தந்தார். கனமும் உண்டு, உதையும் குறைவு என்றார். ஆனால் குண்டை உள்ளே ஏற்ற அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், என் பெருவிரல் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆபத்துக்கு எடுக்கும்போது இழுக்க முடியாத துப்பாக்கியால் என்ன பயன் என்று அவரே அதை எடுத்து வைத்துவிட்டார். அடுத்து வந்தது முழுக்க இரும்பில் செய்த பழைய ரிவால்வர், முப்பத்திரண்டு ரகம். ஊரில் என் லைசென்ஸுக்குக் கிடைக்கக்கூடிய ரகமும் அதுதான். முக்கால் கிலோ இருக்கும், போன வார பிஸ்டலைப் போல இரண்டு மடங்கு. இழுக்க ஒன்றுமில்லை. உருளையைத் திறந்து குண்டைப் போட்டு மூடினால் போதும். பின்னால் உள்ள சுத்தியலை இடது கைப் பெருவிரலால் இழுத்து நிறுத்திவிட்டால் விசையும் லேசாகிவிடும் என்று காட்டினார்.

பிடிதான் எனக்கு ஒல்லியாக இருந்தது, உள்ளங்கையில் நிற்காமல் வழுக்கியது. என் கைப்பையில் எப்போதும் ஒட்டுப் பிளாஸ்டர் சுருள் ஒன்று கிடக்கும். கேட்டுவிட்டு, பிடியைச் சுற்றி நான்கு சுற்றுச் சுற்றினேன். இப்போது அது என் சைஸ்.

சுட்டேன். கையில் ஒரு தள்ளு, அவ்வளவுதான், கண் மூடவில்லை. தட்டின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே ஓட்டை விழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் தட்டுக்குள். கண்ணாடிக்குப் பின்னால் கிளிட்டஸின் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு குண்டு பாக்கி. விரல் வலித்தது. கௌஸ் பாய் என் இடப்பக்கம் நின்று, கொஞ்சம் ஓய்வெடுங்கள், கையை உதறிக்கொள்ளுங்கள் என்று உள்ளங்கையை நீட்டிக் காட்டினார்.

அடுத்து நடந்ததை நான் செய்யவில்லை, என் கை செய்தது. தியேட்டரில் டாக்டர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். உள்ளங்கையை மட்டும் நீட்டுவார். அதில் கருவியின் பிடி சத்தம் கேட்கும்படி போய் உட்கார வேண்டும். பிடி அவர் பக்கம், கூர் என் பக்கம். முப்பத்து மூன்று வருடம் என் கை தெரிந்துகொண்ட ஒரே மரியாதை அது. நீட்டிய உள்ளங்கையைப் பார்த்தது, ரிவால்வரைத் திருப்பி, குழாயை என் வயிற்றுப் பக்கம் வைத்து, பிடியைக் கௌஸ் பாயின் கையில் பட்டென்று வைத்தது. உள்ளே ஒரு குண்டு இருந்தது.

கௌஸ் பாயின் முகம் வெளுத்துப்போனது. துப்பாக்கியைத் தட்டின் பக்கம் திருப்பி, குண்டை எடுத்து, மேசையில் வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். மணி அடித்தது. வரிசை முழுக்கச் சுடுவதை நிறுத்தினார்கள். மேலதிகாரி மக்தூம் எழுந்து வந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கியும் நரைத்த தாடியுமாக, யாரையும் அதட்டிப் பேசாத மனிதர். என்னையும் அதட்டவில்லை. “சிஸ்டர், ஏக் மஹினா மாஃபி. கலாஸ்,” என்றார். ஒரு மாதத்துக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. எனக்கு இருந்ததோ பதினோரு நாள்.

கிளிட்டஸ் என்னைக் காரில் ரூமுக்குக் கூட்டிப் போனான். முவைலா ரவுண்டானாவில் வண்டி நின்றபோது சொன்னான். “எக்கா, பந்தயத்த விடு. நீ செத்துப்போயிருப்பக்கா. என் கண்ணு முன்னாடி.” அவன் சொன்னது உண்மை. என் ஆயுளில் தியேட்டரில் ஒரு பஞ்சுத் துண்டைக்கூட நான் எண்ணிக்கையில் தவறவிட்டதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக என் கையைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. திருடனைவிட இந்தக் கை ஆபத்து என்றால், அந்த வீட்டில் நான் தனியாக இருக்க லாயக்கில்லாதவள். கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் காலையில் வேறு மாதிரி நினைத்தேன். பழக்கம்தானே? இந்தக் கையைப் பழக்கியவளும் நான்தானே?

முவைலாவில், எதை எடுத்தாலும் பத்து திர்ஹம் என்று போர்டு போட்ட கடையில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வாங்கினேன். உள்ளே ஈர மணலை அடைத்துச் சமையலறைத் தராசில் முக்கால் கிலோவுக்குக் கொண்டுவந்தேன். பிளாஸ்டர் சுற்றினேன். சாப்பாட்டு மேசைதான் சுடும் மேசை. என் ரூம்மேட் ஜெயலட்சுமி திருவாரூர்க்காரி, பிரசவ வார்டு நர்ஸ். அவள் பக்கத்தில் நின்று நினைத்த நேரத்தில் உள்ளங்கையை நீட்ட வேண்டும். நான் கொடுக்காமல் மேசையில் வைத்து ஓர் அடி பின்னால் போக வேண்டும். முதல் நாள் நூறு தடவையில் அறுபது தடவை அவள் கையில் கொடுத்தேன். அறுபது தடவையும் அவள் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். செத்தது நான்தான்டி, நீ இல்லை என்று சொன்னேன். இரண்டாம் நாள் இருபது. மூன்றாம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தேநீர் கலக்கும்போது எல்லாம் கையை நீட்டினாள். அவள் கேட்ட சர்க்கரை டப்பாவை நான் மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

புதன்கிழமை ஒரு குடலிறக்க ஆபரேஷன். எகிப்துக்கார மிஸ்ரி டாக்டர், பதினோரு வருடமாக எனக்குப் பழக்கமானவர். வழக்கம்போல நிமிராமல் உள்ளங்கையை நீட்டினார். என் கை கவ்வியை எடுத்தது. கருவித் தட்டில் வைத்தது. நான் ஓர் அடி பின்னால் போனேன்.

டாக்டரின் கை வெறுமனே நீட்டியபடி நின்றது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற ஜூனியர் எடுத்துக் கொடுத்துவிட்டாள். முடிந்ததும் டாக்டர் என் தோளைத் தட்டி, இன்பமணி, நீ மனதளவில் ஊருக்குப் போய்விட்டாய் என்றார். நானே போய் மேட்ரனிடம் மிச்சமிருந்த இரண்டு நாள் வேலைக்கும் லீவு எழுதிக் கொடுத்தேன். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதேன். என்னைச் சோறு போட்டு வளர்த்த கை அது. அதை நானே வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். அழுது முடித்து முகம் கழுவியபோது ஒன்று தோன்றியது. இந்தக் கை இனிமேல் கொடுக்காது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மக்தூம் முன்னால் போய் நின்றேன். சுட வரவில்லை, காலித் துப்பாக்கி கொடுங்கள், நான் வைப்பதை மட்டும் பாருங்கள், ஒரு தடவை தவறினாலும் நானே போய்விடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் கௌஸ் பாயைப் பார்த்தார். கௌஸ் பாய் என் பக்கம் பேசவும் இல்லை, எதிராகவும் பேசவில்லை, போய்க் காலி ரிவால்வரைக் கொண்டுவந்து வைத்தார். எடுத்தேன், ஐந்து தடவை விசையை அழுத்தினேன், உருளையைத் திறந்து காட்டினேன், வைத்தேன், பின்னால் வந்தேன். இருபது தடவை செய்தேன். மக்தூம் கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, யல்லா, சரி ஆகட்டும், ஐந்து குண்டு மட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஆனால் தூரப் போகவில்லை.

இந்தத் தடவை கிளிட்டஸ் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கவில்லை. காதுமூடி வாங்கி மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்து நின்றான். சட்டைப் பையில் விற்பனைக் காகிதம் மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

முதல் குண்டு நடுவில். இரண்டாவது அதை ஒட்டி. மூன்றாவது கொஞ்சம் கீழே. நான்காவது போகும்போது பெருவிரலில் சுரீர் என்று பிடித்தது, வாயிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது. அவ்வளவுதான், கிளிட்டஸுக்குச் சட்டம், பந்தயம் எல்லாம் மறந்துபோயிற்று. “எக்கா, கை வலிக்கா? போதும், இஞ்ச தா,” என்று பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டினான். உள்ளே ஒரு குண்டு இருந்தது.

ரிவால்வரை மேசையில் வைத்தேன், வாய் தட்டின் பக்கம். ஓர் அடி பின்னால் வந்தேன். பிறகுதான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். “பின்னால போடே,” என்றேன். அவன் கையை இழுத்துக்கொண்டு போனான். கையை உதறினேன், விரலை நீவினேன், முப்பது எண்ணினேன். எனக்கு அவசரமில்லை. மறுபடி எடுத்து, இடது பெருவிரலால் சுத்தியலை இழுத்து, ஐந்தாவதைச் சுட்டேன்.

தட்டைக் கிளிட்டஸே போய் எடுத்து வந்தான். நான்கு ஓட்டை நன்றாகத் தெரிந்தது. ஐந்தாவது தட்டின் விளிம்பைக் கடித்துக்கொண்டு போயிருந்தது, பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே என்று அவன் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது. அவன் அந்த இடத்தில் சுண்டுவிரலை வைத்து வைத்துப் பார்த்தான். கௌஸ் பாய் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உள்ளதானாக்கும்,” என்றான் கிளிட்டஸ்.

எதை வாங்கப் போகிறீர்கள் என்று கௌஸ் பாய் கேட்டார். இந்தக் கனத்ததைத்தான் என்றேன். பிளாஸ்டரை நான்கு சுற்றுக்குப் பதில் ஐந்தாகச் சுற்றச் சொன்னார். நாகர்கோவில் கடைக்காரரிடம் அந்தக் குட்டியை வேறு யார் தலையிலாவது கட்டச் சொல்ல வேண்டும்.

காரில் ஏறியதும் கிளிட்டஸ் வண்டியை எடுக்கவில்லை. பையிலிருந்த காகிதத்தை நான்காகக் கிழித்துச் சாம்பல் கிண்ணத்தில் திணித்தான். பிறகு சாவிக்கொத்தை எடுத்து, நகத்தால் வளையத்தைப் பிரித்து, என் வீட்டுச் சாவியைத் தனியாகக் கழற்றினான். இவ்வளவு வருடத்தில் அது அந்த வளையத்தைவிட்டு வெளியே வந்ததே இல்லை. அதை என்னிடம் நீட்டப் போனவன் பாதியில் நிறுத்தி, டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“லேய், சாவிய கையிலேயே தரலாம்டே,” என்று சொல்லி என் உள்ளங்கையை நீட்டினேன். அவன் சாவியை எடுத்து அதில் வைத்தான்.